ஒரு பெல்ட்டுக்கு ஒரு கை

சிலமலைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பறக்கும் மைதானத்துக் கொட்டகையில் நுழைந்ததும், எதிர்ச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ‘ஒரு பெல்ட்டுக்கு ஒரு கை’ என்று எழுதியிருக்கும். எழுத்து கோணல்மாணல்தான். எழுதியவன் நான். போன மாதம் அங்கே கியர் வைத்த புது இஞ்சின்கள் வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றில் பெல்ட்டே கிடையாது. சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், இதை அழித்துவிடலாமா என்று இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் போனில் கேட்டார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், அது எதற்கு எழுதியது என்று தெரியுமா என்று கேட்டுவைத்தேன். ஏதோ யோகாசன வாசகம் என்று நினைத்திருக்கிறார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பாராமோட்டார் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன இஞ்சின், அதற்குப் பின்னால் பெரிய விசிறி, சுற்றிலும் கம்பிக் கூண்டு, தலைக்கு மேலே விரியும் துணி இறக்கை. இவ்வளவுதான் மிஷின். இஞ்சின் பேய் பிடித்த மாதிரி சுற்றும். அதே வேகத்தில் விசிறியும் சுற்றினால் காற்றைத் தள்ளாது, கத்த மட்டும் செய்யும். அதனால் கீழே இஞ்சினில் ஒரு சின்னப் புல்லி, மேலே விசிறியில் ஒரு பெரிய புல்லி, இரண்டையும் சேர்த்து ஒரு பெல்ட்டு. பெல்ட்டு தளர்ந்தால் வழுக்கும். ரொம்ப இறுகினால் இஞ்சின் தண்டை ஒரு பக்கமாகவே இழுத்துப் பிடித்து, அங்கே இருக்கிற பேரிங்கைத் தின்றுவிடும். என் உத்தியோகத்தின் கடைசி வருடங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தன.

பெல்ட்டுக்கு நான் வந்த கதை சின்னது. போடியில் பிறந்தேன், படிப்பு ஏறவில்லை. ஏலத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர்களை ரிப்பேர் செய்யப் போனேன். பிறகு ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களில் மோட்டாரும் ஊதுவிசிறியும். தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறித் திட்டு வாங்கியதில் இரண்டு பாஷையும் பிடிபட்டன. என் முழங்கால் இனி மலை ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த வருடத்தில்தான், வெளியூர்க்காரர் ஒருவர் சிலமலைப் பக்கம் தரிசு நிலத்தை எடுத்துப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் மைதானம் போட்டார். அங்கே தலைமை மெக்கானிக் ஜமால் அண்ணன். போடியில் பம்புசெட்டும் மோட்டார் பெல்ட்டும் விற்ற ராவுத்தர் குடும்பம். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தவர்.

நான் வேலை கேட்டுப் போன அன்று அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கையைக் காட்டச் சொன்னார். புரட்டிப் பார்த்தார்.

“பெல்ட்டுக்கு எண்ணெ ஆகாது அப்பு. மொதல்ல கையக் கழுவிட்டு வா. அப்பறம் பேரச் சொல்லு.”

கழுவிவிட்டு வந்து பாண்டி என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் செய்தது தப்பாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அத்தனையையும் கழற்றுவார். பிறகு ஸ்பேனரை நம் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டு வாங்கினால் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும், இது ராத்திரி சோற்றுத் தட்டு வரைக்கும் கூடவே வரும். அவசரம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. பறக்க வந்தவர்கள் காற்று வந்துவிடும், வெரசா பாருங்க என்று நிற்பார்கள். அவர் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பெல்ட்டுக்கு இறுக்கம் வைப்பது அவரிடம் ஒரு சடங்கு. இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓடி இறங்கிய சூட்டில் அலுமினியம் விரிந்து, புல்லிகளுக்கு நடுவே தூரம் கூடி, பெல்ட்டு இறுகினது போல் பொய் சொல்லும். முதலில் விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றி, பெல்ட்டின் உள்பக்க வரிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று முழுச் சுற்றும் பார்ப்பார். பிறகு இரண்டு புல்லிகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்ப்பார். அதன் பிறகு பெல்ட்டின் முதுகோடு ஒட்டி ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தச் சொல்வார். ஏலக்காய்ப் பையைத் தொங்கவிட்டு எடை போடுகிற ஸ்பிரிங் தராசு ஒன்று அவரிடம் இருந்தது. அதன் கொக்கியைப் பெல்ட்டின் நடுவில் மாட்டி உள்பக்கமாக இழுப்பார். முள் தராசில் போட்டிருந்த கீறலுக்கு வந்ததும் நிறுத்துவார். இப்போது ஸ்கேலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு காய்ந்த ஏலக்காய் உரசாமல், ஆடாமல் நுழைந்து வர வேண்டும்.

கண்ட காய் இல்லை. காயைப் பருமன் வாரியாகப் பிரிக்கிற சல்லடைகளில் ஏழு மில்லி சல்லடையில் நிற்கிற காய், அவர் தம்பி ஏலக்காய் மண்டியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தது. அதை ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருந்தார். இஞ்சினோடு வந்த புத்தகத்திலும் அளவு மில்லிமீட்டரில்தான் இருந்தது. போடிக்காரனுக்கு மில்லி என்றால் ஏலக்காய்தானே.

காய் நுழையவில்லை என்றாலோ, நுழைந்து ஆடினாலோ, லாக் நட்டைத் தளர்த்தி, மேல் புல்லியைத் தூக்கி இறக்கும் போல்ட்டைத் துளி திருப்புவார். திரும்ப லாக் நட்டை இறுக்குவார். இறுக்கும்போதே போல்ட்டும் கொஞ்சம் கூடவே போகும் என்பதால் திரும்பவும் தராசு, திரும்பவும் காய். புது பெல்ட்டாக இருந்தால் சில தடவை பறந்ததும் அது நீண்டுகொடுக்கும்; மறுபடி முதலிலிருந்து.

தளர்ந்த பெல்ட்டு என்ன செய்யும் என்பதை எங்களுக்கு ஒரு மாடு கற்றுக்கொடுத்தது. அந்த ஐப்பசியில் மலைச் சாரல் மைதானம் வரைக்கும் அடித்தது. ஈரத்தில் ஒரு மிஷினின் பெல்ட்டு வழுக்கி, கிளம்பும்போதெல்லாம் பன்றியை அடிக்கிற மாதிரி கத்தியது. பக்கத்துத் தோட்டக்காரர் பால் செம்போடு வந்து நின்றார். செம்பில் கால்வாசிகூட இல்லை. உங்க மிஷினு கத்துனா எங்க மாடு மிரண்டு பால அடக்கிக்கிருது, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க என்றார். ஜமால் அண்ணன் அவரை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, அந்தப் பெல்ட்டை எடுத்துப் பார்த்தார். வழுக்கி வழுக்கி உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள். புது பெல்ட்டு போட்டு, காய் வைத்து, இஞ்சினை முடுக்கிவிட்டு, மாட்டைப் பார்த்து வரச்சொல்லி என்னை அனுப்பினார். நான் போனபோது அது அசைபோட்டுக்கொண்டு என்னை ஏளனமாகப் பார்த்தது. அன்று சாயங்காலம் தோட்டக்காரர் எங்களுக்குப் பால் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி நஸ்ரினின் மிஷினுக்கு வருகிறேன். சுவரில் எழுத வேண்டி வந்தது அதனால்தான்.

நஸ்ரின் ஜமால் அண்ணனின் ஒரே மகள். காலேஜ் முடித்துவிட்டு, அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், இறக்கையை மடிக்க உதவி செய்கிறேன் என்று நின்றாள். பிறகு விரிக்க உதவி செய்தாள். பிறகு ஒருநாள் அதில் தொங்கிக்கொண்டு பறந்தே போய்விட்டாள். காற்றைத் தோலில் வாங்கிப் புரிந்துகொள்கிற பெண். மைதானத்து முதலாளி அவளைக் கற்றுக்கொடுக்கிற வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு முன் அவள் தனியாகக் குரங்கணி மலைச் சரிவு வரைக்கும் போய்த் திரும்பிக் காட்ட வேண்டும். தை மாதம் காற்று நல்லபடியாக இருக்கும்போது போகலாம் என்று முடிவாயிற்று.

மார்கழி பிறந்ததும் அவள் இஞ்சின் ஆகாயத்தில் நின்றது. இஞ்சின் நின்றாலும் இறக்கை இருக்கிறது, மிதந்து இறங்கிவிடலாம். கடலைக் காட்டில் இறங்கினாள். நாங்கள் ஜீப்பில் தேடிப் போனபோது காட்டுக்காரர் பிடுங்கிக் கொடுத்த பச்சைக் கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். பிரித்துப் பார்த்தால், பெல்ட்டுப் பக்கத்துப் பேரிங் சூட்டில் நீலம் பாரித்துப் பிசிறு பிசிறாகக் கிடந்தது. மாற்றினோம். இரண்டாம் தடவை தென்னந்தோப்புக்கு மேலே நின்றது. மட்டைகளுக்கு மேலே உரசின மாதிரி வந்து, கண்மாய்க்குள் போய் விழுந்து எழுந்தாள். அதே பேரிங், அதே நீலம்.

அன்றைக்கு அவள் அம்மா மும்தாஜ் மதினி சாப்பாட்டுக் கூடையோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை நின்றால் இந்தப் பறக்கிற சோலியே வேண்டாம் என்று ஜமால் அண்ணனிடம் வாக்குக் கேட்டார். அவர் சரி என்று கொடுத்துவிட்டார். நஸ்ரின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

புதிர் என்னவென்றால், எங்களிடம் அதே மாதிரி மிஷின்கள் இன்னும் இருந்தன. அதே பெல்ட்டு, அதே பெட்டியிலிருந்து எடுத்த பேரிங். அவையெல்லாம் சமர்த்தாக ஓடின. நஸ்ரினுடையது மட்டும் பேரிங்கைத் தின்றது. நீலம் பாரித்தால் பெல்ட்டு அதிக இறுக்கம் என்று அர்த்தம். ஆனால் அதற்கு இறுக்கம் வைத்தது ஜமால் அண்ணன். காய் போட்டுப் பார்த்தபோது ஸ்கேல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். போலி பேரிங்காக இருக்கும் என்றார் அவர். மதுரைக்குப் போய் வேறு கடையில் வாங்கிவந்து போட்டோம்.

மூன்றாவது பேரிங் போட்டு அவள் மைதானத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்து இறங்கிய ஒரு நாள், இஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, நானாகவே தராசை மாட்டி இழுத்தேன். காய் நுழையவில்லை. அரைக் காய்க்குக்கூட இடமில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓடிய பெல்ட்டு நீளும், தளரும். ஓட ஓடத் தானாக இறுகிய பெல்ட்டை நான் ஏலக்காய் ஸ்டோரிலும் கண்டதில்லை, மாவு மில்லிலும் கண்டதில்லை. ஆகவே யாரோ கை வைக்கிறார்கள்.

மறுநாள் என் வீட்டுக்காரியின் நகப்பாலிஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். விடிகிற நேரத்தில் ஜமால் அண்ணனும் நானும் நஸ்ரின் மிஷினுக்குச் சரியாக இறுக்கம் வைத்தோம். அவர் அந்தப் பக்கம் போனதும், போல்ட்டின் தலையிலிருந்து அதன் தாங்கி வரைக்கும் ஒரே கோடாகப் பாலிஷைத் தீட்டினேன். போல்ட்டு திரும்பினால் கோடு முறியும். பிறகு மடித்து வைத்திருந்த இறக்கைப் பைகளுக்குப் பின்னால் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தது மாரியப்பன். எங்கள் ஜீப்பு டிரைவர். போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்குக் காலமெல்லாம் லோடு ஏற்றினவன். அந்த ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டைகளைக் கட்டிய கயிற்றை, ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, முடிந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். தளர்ந்திருக்கிறதே என்று இல்லை. கயிற்றுக்கு ஒரு கை போட்டால்தான் மேட்டில் மனசு நிம்மதியாக இருக்கும். மாரியப்பன் இரண்டு பக்கமும் பார்த்தான், லாக் நட்டைத் தளர்த்தினான், போல்ட்டில் துளி இறுக்கம் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்து நஸ்ரின். தன் மிஷினையே திருடுகிறவள் மாதிரி பூனை நடை நடந்து வந்தாள். அவளும் துளி வைத்தாள்.

முறுக்கைக் கடித்தால் சத்தம் கேட்குமே என்று வாயில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஜமால் அண்ணன் வந்தார். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, எங்கள் எல்லாருக்கும் காய் வைத்துப் பாடம் நடத்திய அதே மனிதர், காயும் வைக்காமல் தராசும் மாட்டாமல் ஒரு துளி இறுக்கினார்.

எழுந்து நின்றேன். அவர் பயந்துபோய் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, முறுக்கு புரையேறிவிட்டது. சத்தம் கேட்டு மாரியப்பனும் நஸ்ரினும் ஓடிவந்தார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. முறிந்துகிடந்த பாலிஷ் கோட்டைக் காட்டினேன், தராசை மாட்டி இழுத்து, காயை அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினேன். காய் வெளியிலேயே நின்றது.

மாரியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். மதினி தினமும் போன் போட்டு, பெல்ட்டை ஒருவாட்டி பார்த்துக்கங்க என்று சொல்லுவாராம். அவனுக்குப் பார்ப்பது என்றால் கயிற்றுக்குக் கை போடுவதுதான். நஸ்ரினுக்கு வேறு காரணம். பெல்ட்டு வழுக்கிக் கத்தினால் கீழே நிற்கிற அத்தாவுக்குப் பக்கென்று இருக்குமே என்று அவள் கவலை. இப்படி ஒவ்வொருவரும் தன் கையை மட்டும்தான் அறிவார். இஞ்சின் ஒரு தடவை நின்றதும் பயம் கூடியது. பயம் கூடக்கூடத் துளியும் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது.

ஜமால் அண்ணன் துணியை எடுத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“மேல போறது எம்பிள்ள, பாண்டி,” என்றார் கடைசியில். “காயி சரின்னுதான் சொல்லுது. கை கேக்க மாட்டேங்குது.”

அவரை அந்த முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. என் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

“அண்ணே, ஒரு பிள்ளைக்காக மூணு பேரு பயப்படலாம். ஒரு பெல்ட்டுல மூணு பேரு பயத்த வச்சா அது தாங்காதுண்ணே.”

அவர் மாத்திரை டப்பாவை எடுத்து, காயோடு என் உள்ளங்கையில் வைத்தார். “இனி இவ மிஷினு ஒன் சோலி. நான் தொட்டா எங் கையில அடி,” என்றார். அன்று மத்தியானமே பெயிண்டு வாங்கிவந்து சுவரில் எழுதினேன். மிச்சப் பெயிண்டில் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். ஜமால் அண்ணன் எட்ட நின்று, கோடு நேராக இல்லை என்று குறை மட்டும் சொன்னார்.

தை பிறந்து, காற்று அடங்கிக் கிடந்த ஒரு காலையில் குரங்கணிக்குக் கிளம்ப நாள் குறித்தோம். அதுவரைக்கும் மகள் பறக்கிற நேரத்தில் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மும்தாஜ் மதினி, அன்றைக்கு மாரியப்பனின் ஜீப்பில் மைதானத்துக்கே வந்தார். வழியெல்லாம் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று அவன் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தான். முதலாளியும் பைனாகுலரோடு வந்திருந்தார். நான் தராசை மாட்டினேன், காயை வைத்தேன், கோட்டைப் பார்த்தேன். ஜமால் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கழுத்தில் பட்டது.

“பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சுண்ணே.”

“அந்த ஸ்பேனரக் குடு. சும்மா வச்சிருக்கேன்.”

முறைத்தேன். தொடமாட்டேன் என்று தலையாட்டினார். கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நஸ்ரின் நாலு எட்டு ஓடியதுதான், தரை அவளை விட்டுவிட்டது. தோட்டக்காரரின் மாடு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தென்னந்தோப்பைத் தாண்டி, சரிவுப் பக்கம் திரும்பி, அவள் ஒரு மஞ்சள் புள்ளியாகி, இஞ்சின் சத்தமும் தேய்ந்து நின்றது. சத்தம் கேட்காத அந்த நேரம்தான் கொடுமை. தூரத்தால் கேட்கவில்லையா, நின்றுபோய்த்தான் கேட்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது. பைனாகுலரில் பார்த்துவிட்டு முதலாளியும், சரிவின் மடிப்புக்குள் போய்விட்டாள், தெரியவில்லை என்றார். மதினி வாய்க்குள் ஓதிக்கொண்டே மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாரியப்பன் பழக்க தோஷத்தில் ஜீப்புக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது மெதுவாக வளர்ந்து இஞ்சின் ஆயிற்று. மஞ்சள் புள்ளி இறக்கை ஆயிற்று. அவள் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி எங்கள் முன்னால் வந்து இறங்கி, இரண்டு எட்டு ஓடி நின்றாள். முதலாளி கை தட்டினார். ஜமால் அண்ணன் மகளிடம் போகவில்லை. நேராக மிஷினுக்குப் பின்னால் போய், பேரிங் இருக்கும் இடத்தில் இடது புறங்கையை வைத்தார்.

“வெதுவெதுப்புத்தான்,” என்றார் என்னைப் பார்த்து. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

நஸ்ரின் ஹெல்மெட்டைக் கழற்றி, நாளைக்கும் போகட்டுமா அத்தா என்று கேட்டாள்.

“என்ட்ட எதுக்குக் கேக்குற? ஒன் சித்தப்பாட்டக் கேளு. பெல்ட்டு அவன் பொறுப்பு.”

பறக்கக் கற்றுக்கொடுக்கிற அந்த வேலையில்தான் நஸ்ரின் இன்றைக்கும் இருக்கிறாள். அவளிடம் கற்றுக்கொள்கிறவர்களின் அப்பன்மாரும் ஆத்தாமாரும் அதே கொட்டகையில்தான் வந்து நிற்கிறார்கள். கியர் வைத்த இஞ்சினில் திருக ஒன்றுமில்லை என்பது அவர்கள் கைக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் தம்பிகளா, சுவருக்கு வெள்ளையடித்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன்.

குரங்கணி போய் வந்த அன்றைக்கு, ஸ்பேனரைத் திருப்பிக் கேட்டபோது ஜமால் அண்ணனால் உடனே கொடுக்க முடியவில்லை. விரல்கள் மரத்துப்போய் மடங்கியே இருந்தன. மும்தாஜ் மதினி பக்கத்தில் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஸ்பேனரின் பிடி முழுசாக உள்ளங்கையில் பதிந்திருந்தது. அதில் பொறித்திருந்த பதிமூன்று என்ற எண்கூட இடம்வலம் மாறிச் சிவந்து தெரிந்தது. மதினி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இம்புட்டு இறுக்கத்தையுமா அந்த மிஷினு இத்தன நாளா தாங்குச்சு?”